அறுந்து தைத்த வார்

கேமராவின் கழுத்து வாரில் ஒரு தையல் இருந்தது. முஸாஃபருக்கு அது கண்ணில் படுவதற்கு முன்னால் கட்டைவிரலில் பட்டது. வழவழவென்று போய்க்கொண்டிருந்த பட்டை, கழுத்தும் தோளும் சேருகிற உயரத்தில் ஒரே வெட்டாக அறுந்து, பிறகு கறுப்பு நூலால் நெருக்கித் தைக்கப்பட்டிருந்தது. உழைத்துத் தேய்ந்து அறுந்த பட்டையென்றால் ஓரம் பிசிறடித்திருக்கும். இது பிளேடால் வகுந்ததுபோல் நேராக இருந்தது.

“வாரு அறுந்துருச்சா அண்ணே?”

“பழைய சாமான்தான பாய்,” என்றார் வீரணன். “வீட்டுல மிஷினு கெடக்கு. அவதான் தச்சா. உறுதியாத்தான் இருக்கும், இழுத்துப் பாருங்க.”

முஸாஃபர் இழுத்துப் பார்த்தான். உறுதியாகத்தான் இருந்தது.

வீரசோழனில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறவன் முஸாஃபர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்தால் அன்று கடை திறக்க மாட்டான். கேமராவை மாட்டிக்கொண்டு கண்மாய் கண்மாயாகத் திரிவான். அவனிடம் இருந்த சின்ன லென்ஸில் பூனைப்பருந்து ஒரு பொட்டாகத்தான் விழும். “இதுல பறவ எங்க இருக்கு? வானந்தான் இருக்கு,” என்பாள் அவன் மனைவி ஷஹீனா. தூரத்தைக் கிட்டே இழுக்கிற லென்ஸ் ஒன்று வாங்க வேண்டும். கைக்கு லேசான, ஒரே தூரத்துக்கான லென்ஸா, அல்லது தோளை இறக்கினாலும் பரவாயில்லை என்று பெரிய ஜூமா என்று அவன் மனம் ஒரு வருடமாக ஊசலாடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் விற்பனைக்கு இருப்பதாக ஃபோனில் ஒரு விளம்பரம் வந்தபோது, இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்தாவது முடிவு செய்யலாமே என்றுதான் புறப்பட்டு வந்தான்.

திருச்சுழியைத் தாண்டித் தார் ரோட்டை விட்டு இறங்கினால், சீமைக்கருவேலங் காட்டுக்குள் ஒரு வண்டித்தடம். இரு பக்கமும் முள் வளைந்து வந்து தோளைக் கீறுகிற அந்தத் தடத்தின் முடிவில் வற்றிய கண்மாயும், அதன் கரையை ஒட்டிப் பூசாத செங்கல்லோடு பாதியில் நின்றுபோன இந்த வீடும் இருந்தன. மாடிக்குப் படி கட்டவில்லை. வெளிச்சுவரில் ஒரு மர ஏணி சாய்த்திருந்தது. வீரணனுக்குக் கரி வியாபாரம். கண்மாய்க்குள், விறகை அடுக்கி மண்ணால் மூடிய கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. விறகுப் புகையும் ஈரமண்ணும் கலந்த வாடை வீடு முழுக்க நிறைந்து, தொண்டையில் படிந்து, இருமினாலும் போகாமல் நின்றது. அதற்கு அடியில் இன்னொரு வாடை, ஆட்டுத்தலையும் காலும் வாட்டும்போது மயிர் கருகி எழுமே, அதைப்போல.

“மூட்டத்துல ஏதும் விழுந்துருச்சாண்ணே?”

“நாய் கீய் விழுந்திருக்கும்,” என்றார் வீரணன், ஜன்னல் பக்கம் திரும்பாமலே.

அந்த அறையைப் பார்த்த சந்தோஷத்தில் முஸாஃபர் வாடையை மறந்துபோனான். சிமெண்ட் அலமாரித் தட்டுகளில் கேமராக்களும், குட்டையும் நெட்டையுமாக லென்ஸுகளும், ட்ரைபாட்களும், ஃபில்டர் டப்பாக்களும், தோள்பைகளும் துடைத்து அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மதுரையில் ஒரு கடையில்கூட இத்தனையை ஒருசேர அவன் கண்டதில்லை. மூடிப்போன ஸ்டுடியோச் சாமான் என்றார் வீரணன். முஸாஃபர் ஃபோன் டார்ச்சை அடித்து ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்தான். கண்ணாடிகள் சுனைத் தண்ணீர் மாதிரி இருந்தன. கையில் எடுத்ததும் பெரிய ஜூமின் கனம் அவனுக்குப் பிடித்துவிட்டது.

கீழ்த்தட்டில் ஒரு மேக்ரோ லென்ஸ் இருந்தது. சிலந்தியின் கண்களை எண்ணுகிற அளவுக்குப் படம் எடுப்பது. அருப்புக்கோட்டையில் சேலை வியாபாரம் பார்க்கும் அவன் கூட்டாளி கார்த்தீஸ்வரன் இதைத்தான் தேடிக்கொண்டிருந்தான். உடனே கூப்பிட்டான்.

“ஏலே கார்த்தி, நீ கேட்ட லென்ஸு இங்க கெடக்குலே. வேற எவனும் தூக்குறதுக்குள்ள வந்து சேரு.”

“இந்தா கெளம்பிட்டேன் மாப்ள. லொகேஷன மட்டும் போட்டு விடு.”

போட்டுவிட்டான். அதோடு ஃபோனில் சார்ஜ் சிவப்புக்கு இறங்கியது. வீரணனின் மனைவி ஆவுடைத்தாய் எப்போது உள்ளே வந்தாள் என்று அவன் பார்க்கவில்லை. “குடுங்க தம்பி, சார்ஜ் போடுறேன்,” என்று அவன் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டு போனாள்.

“கூட்டாளி தனியாத்தான் வாராகளா?” என்று கேட்டார் வீரணன்.

“ஆமாண்ணே.”

“வரட்டும், வரட்டும்.”

முஸாஃபர் இன்னொரு கேமராவை எடுத்தான். அதன் வாரிலும் தையல் இருந்தது. அதே இடம், அதே கறுப்பு நூல். பக்கத்தில் இருந்ததை, பார்க்காத மாதிரி விரலால் மட்டும் தடவினான். தையல். அடுத்ததிலும் தையல். கம்பெனி வேறு, நிறம் வேறு, பழசு புதுசு வேறு. வெட்டு மட்டும் எல்லாவற்றிலும் ஒன்று. ஒரு தோள்பையைத் திறந்தான். உள்மடிப்பில் யாரோ ஒரு பிள்ளை ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் பளபளத்தது. பையின் வெல்க்ரோ ஒட்டுப்பட்டையில் தலைமயிர் கொத்தாகச் சிக்கியிருந்தது. அதன் நுனியில் தோல் காய்ந்திருந்தது.

பையை மூடி வைத்தான். பக்கத்து அறையில் தையல் மிஷின் ஓடத் தொடங்கியது.

“அண்ணே, கூட்டாளியும் வந்துறட்டும். சேந்து பாத்துக்கிருவோம். நான் ரோட்டுல போயி நிக்கிறேன், அவனுக்குத் தடம் தெரியாது. அக்காட்ட ஃபோன மட்டும்…”

வீரணன் வாசற்படியில் நின்றார். மறித்ததுபோல் தெரியவில்லை, நிலையில் தோளைச் சாய்த்து வெறுமனே நின்றார். வாசலில் இடமில்லை.

“மாடியில போயி ஒரு தடவ கண்மாயப் பாத்துருங்க பாய். பாக்காம வாங்கிட்டுப் போயி, நாளைக்கி நொட்டம் சொல்லக்கூடாதுல்ல.”

 ஏதோ ஒரு வெட்கம் அவன் பயத்தை அமுக்கியது. வந்ததும் சோறு தண்ணீர் சாப்பிட்டீகளா என்று கேட்ட மனிதரைப் பற்றி என்ன நினைக்கிறோம், மூடிப்போன ஸ்டுடியோவிலிருந்து ஏலத்தில் வந்த சாமானென்றால் மொத்தமாக அறுத்துக்கூடக் கட்டியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மாடி திறந்த வெளி. அங்கிருந்து தடம் தெரியும். கார்த்தி வருவது தெரியும். கொண்டுவந்திருந்த தன் கேமராவில் பெரிய ஜூமைப் பொருத்தினான். வாரைக் கழுத்தில் மாட்டி, கனத்த ஜூமை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். பின்னாலேயே ஏணி முனகியது.

மாடியில் முழங்கால் உயரத்துக்குச் சுவர். முதுகுப்பக்கம் மாசி மாதத்து வெயில் சாய்ந்து, கருவேலங்காடு முழுக்கச் செம்புநிறத்தில் கிடந்தது. ஒரு பறவைச் சத்தமும் இல்லை. ஓணான் ஓடும் சரசரப்புகூட இல்லை. கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“அந்தா, மூட்டத்துப் பக்கம் பாருங்க.”

பார்த்தான். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக, தூரத்தில் இருந்த கண்மாய் கண்ணுக்குள் வந்து நின்றது. வெறுங்கண்ணுக்கு வெறும் முள்ளாகத் தெரிந்த புதருக்குள் ஒரு ஹேண்டில்பார். அதற்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்த பைக், அதன்மேல் இன்னொன்று. கிளையில் மாட்டியிருந்த ஹெல்மெட்டுகள். லென்ஸை நகர்த்தினான்.  புகைகிற மூட்டம். அதன் ஓரத்தை ஒரு செவலை நாய் பிராண்டிக்கொண்டிருந்தது. எதையோ கவ்வி இழுத்தது. செருப்பு. நாய் உதறியது. செருப்பு கழன்று விழுந்தது. நாயின் வாயில் பாதம் இருந்தது.

மிஷின் நின்றது.

மூடியிருந்த இடது கண்ணைத் திறந்தான். எதிரே தரையில் இரண்டு நிழல். ஒன்று லென்ஸோடு அவன். இன்னொன்றின் கை மேலே தூக்கியிருந்தது.

திரும்பினான்.

அரிவாள் கழுத்துக்கு வந்தது. வார் அறுந்தது. வாருக்கு அடியில் தோல் அறுந்தது. தொண்டைக்குள் சூடாக ஏதோ நிறைந்தது. வீரணனின் முகத்தில் கோபமில்லை. விறகு வெட்டுகிறவரின் முகம். மறுவெட்டுக்குக் கையை இழுத்தார்.

இரண்டு கையாலும் லென்ஸைப் பிடித்து முஸாஃபர் வீசினான். வாயில் விழுந்தது. பல் உடைந்தது. அரிவாள் தோளில் இறங்கி எலும்பில் மாட்டியது. மறுபடி வீசினான். மூக்கு. மறுபடி. வீரணன் மல்லாந்தார். முஸாஃபர் மேலே ஏறி உட்கார்ந்தான். நெற்றி. கண். கண்ணாடி நொறுங்கிக் குழல் மட்டும் மிஞ்சியது. அதால் அடித்தான். கீழே கிடந்தவரின் கால் உதைப்பது நின்றது. அடித்தான். பின்மண்டைக்கு அடியில் சிமெண்ட் நனைந்து பரவியது. அடித்தான். முகம் என்று ஒன்று இல்லாமல் போன பிறகும் அடித்தான். கை வலித்த பிறகுதான் நிறுத்தினான்.

கீழிருந்து குரல் வந்தது.

“என்னங்க… முடிஞ்சிருச்சா?”

சோறு வடித்தாயிற்றா என்று கேட்கிற குரல்.

 ஏணி முனகியது. முதலில் உச்சி வகிடு தெரிந்தது. பிறகு கண்கள். ஆவுடைத்தாய் புருஷனைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். அலறவில்லை. பிறகு முஸாஃபரைப் பார்த்தாள், எடை போடுகிறவள்போல. தலை இறங்கியது. ஏணி சுவரை உரசிக்கொண்டு சரிந்து தரையில் விழுந்தது.

அவன் விளிம்புக்குத் தவழ்ந்தான். குதிக்கலாம் என்று எழுந்தான். கால் மடிந்தது. தோளில் கை தொங்கியது. கழுத்தைப் பொத்திய விரல்களுக்கு நடுவில் ரத்தம் வழிந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் பைக் சத்தம் கேட்டது.

தடத்தின் முடிவில், முற்றத்துக்குக் கொஞ்சம் அப்பால், கார்த்தீஸ்வரன் வண்டியை நிறுத்தினான். நெஞ்சில் கேமரா தொங்கியது. சாய்ந்த வெயில் அவன் முகத்தில் நேராக அடித்தது. அவன் சட்டைப் பொத்தான்வரை முஸாஃபருக்குத் தெரிந்தது. ஆவுடைத்தாய் தண்ணீர்ச் செம்போடு எதிரே போனாள். முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது.

“வாங்க தம்பி. மேலதான் இருக்காக.” செம்பு ஏந்திய கையாலேயே மாடியைக் காட்டினாள்.

முஸாஃபர் கத்தினான். சத்தம் வரவில்லை. தொண்டையில் காற்றுதான் கொப்பளித்தது. சுவரைப் பிடித்து முட்டிபோட்டு எழுந்து, நல்ல கையை ஆட்டினான். ஓடு. ஓடுலே. ஓடு.

கார்த்தி நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்து அண்ணாந்து பார்த்தான். வெளிச்சத்துக்கு எதிரே கறுப்பாக ஒரு உருவம் கை ஆட்டுவதுதான் அவனுக்குத் தெரிந்திருக்கும். அவனும் கையை ஆட்டினான்.

“மாப்ள! அப்படியே நில்லுலே, அசையாத! பின்னால சூரியன், செமையா விழுகுது!”

கேமராவை முகத்துக்கு ஏற்றினான். இரண்டு கையும் அதில். இடது கண்ணை இறுக மூடினான். வாய் கொள்ளாத சிரிப்போடு வளையத்தைத் திருகினான்.

அவனுக்குப் பின்னால் சுற்றி வந்திருந்த ஆவுடைத்தாய் குனிந்து, செம்பைச் சத்தம் வராமல் தரையில் வைத்தாள்.