எங்கே மாறணும்?

“லேடீஸ் ரூம் சாவியைக் கொடுங்க சார்.”

ஸ்டேஷன் மாஸ்டர் வெங்கடேஸ்வரனின் கையில் சாயா கிளாஸ் அப்படியே நின்றது. “அது மட்டும் கேக்கப்படாதுன்னு சேர்ந்த அன்னிக்கே சொன்னேனோல்லியோ?”

“சொன்னீங்க. வெளியில பொம்பளைங்க நனையறாங்க.”

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே காயலை ஒட்டிய சின்ன ஸ்டேஷன். யுத்த காலத்தில் பட்டாளம் இறங்கிய இடம். இப்போது மிளகு மூட்டை ஏறுகிறது. ஆபீசுக்கு ஓட்டுக் கூரை, பிளாட்பாரத்துக்கு வானம். குடும்பத்திலேயே முதலில் பி.ஏ. படித்த இசக்கியம்மாள் இங்கே டிக்கெட் கிளார்க். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஆணியில் தொங்கிய சாவியை அவளே எடுத்தாள்.

பட்டப்பகல்தான். ஆனால் இடவப்பாதிப் பருவமழை வெளிச்சத்தைக் குடித்திருந்தது. கதவு திறந்ததும் ஈரக் கயிற்றின் வாடை. அதற்கும் அடியில் துருவோ ரத்தமோ. ஒழுகாத கூரையின் கீழே தரை நனைந்து கிடந்தது.

பெஞ்சு கிறீச்சிட்டது.

யாருமில்லை.

“எங்க மாறணும் தாயி?”

காதோரம். திருநெல்வேலிப் பேச்சு. இவள் வீட்டுப் பேச்சு.

பின்னாலேயே வந்த மாஸ்டர் வாசலைத் தாண்டவில்லை. “கேட்டுதா? அந்தக் கூலிக்காரிதான். சாகறதுக்குன்னே வந்தவ. கூட்ஸ் வரச்சே லைன்ல நின்னா. ‘மாறு, மாறு’ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். அசையலை. என்னையே பாத்துண்டு நின்னா. இங்கதான் கொண்டுவந்து கிடத்தினோம்.”

“மாறுன்னா?”

“விலகுன்னு. மலையாளம் தெரியாதா நோக்கு?”

“அவளுக்குத் தெரியாது சார். வேற வண்டிக்கு மாறச் சொல்றீங்கன்னு நெனச்சு நின்னிருக்கா. எங்கன்னு கேக்க நின்னிருக்கா. நீங்க தமிழ்தானே? தமிழ்ல கத்த வாய் வரலையா?”

“தமிழெல்லாம் ஆத்தோட, ஆபீசோட. கூலிக்காரிகிட்ட என்னத்துக்கு?”

“சாக வந்தவன்னு ஊரெல்லாம் சொன்னது மட்டும் எதுக்கு?”

“பூட்டுடி! இல்லேன்னா நாளைக்கு வேலை கிடையாது.”

“எங்க மாறணும்?”

 இசக்கியம்மாள் வெற்றுப் பெஞ்சைப் பார்த்துத்தான் பேசினாள்.

“மாற வேண்டாம்க்கா. எங்கூட வாங்க. எர்ணாகுளத்துல பெரிய ஆபீசர்கிட்ட நடந்ததைச் சொல்லப் போறேன். வேலை போனா போகட்டும்.”

கதவை விரியத் திறந்துவிட்டு மழையில் இறங்கினாள். பெண்கள் முண்டியடித்து உள்ளே ஓடினார்கள்.

பின்னால் சேற்றில் சளக், சளக்.

ஈரக் கயிற்றின் வாடையோடு யாரோ மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார்கள்.

இசக்கியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.