மூன்று நிமிட எஞ்சின்

தங்கமணிக்கு எல்லார் மேலும் சந்தேகம். கோழி இரண்டு நாள் முட்டை இடாவிட்டால், பக்கத்து வீட்டில் போய் இட்டுவிட்டதோ என்று அதன் பின்னாலேயே போவாள். சிலேட்டுக் குச்சி தொலைந்தால் வகுப்பில் எல்லாருடைய பையையும் கண்ணாலேயே சோதனை போடுவாள். பாதி நாள் அந்தக் குச்சி அவள் காதில்தான் செருகியிருக்கும்.

"இவளைப் போலீசில சேர்த்துடலாம்" என்பாள் அம்மா நல்லம்மாள்.

இது நடந்தது 1935-இல். கிள்ளான் ஆறு கடலில் சேரும் இடத்தில், போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குப் பின்னால் ரயில்வே வேலையாட்களின் வரிசை வீடுகள், ரயில்வே லயம், இருந்தது. தங்கமணியின் அப்பா இராமலிங்கம் அங்கே பட்டறையில் பிட்டர். பக்கத்து வீட்டு வேலாயுதம் மாமா துறைமுகத்தில் லாஞ்சு என்கிற எஞ்சின் படகு ஓட்டுகிறவர். பெரிய மீசைக்காரர். அம்மா தங்கமணியின் தலைக்கு வைக்கிற எண்ணெயைவிட அவர் மீசைக்கு வைக்கிற எண்ணெய் அதிகம்.

அந்த வருஷம் அப்பா ஒரு பழைய எஞ்சினைப் பிரித்துப் போட்டார். படகின் பின்பக்கத்தில் மாட்டுகிற சின்ன எஞ்சின் அது. ஊருக்குத் திரும்பிப் போன துரை ஒருவர் அதைப் பாக் சாலேயிடம் விட்டுப் போயிருந்தார். பாக் சாலே சம்பான் என்கிற துடுப்புப் படகில் ஆட்களை அக்கரை சேர்க்கிறவர். படித்துறையில் விழுந்து தோளில் அடிபட்டதால் துடுப்புப் போட முடியாமல் சம்பானைக் கரையில் கவிழ்த்து வைத்திருந்தார். எஞ்சின் ஓடினால் சம்பானும் ஓடும்.

வேலாயுதம் மாமா வந்து எஞ்சினைக் கால் கட்டைவிரலால் தட்டிப் பார்த்தார்.

"இந்தத் துருப்பிடிச்ச சாமான் ஓடுச்சுன்னா, நான் மீசையை எடுத்துடுறேன்" என்றார்.

லயமே அதைக் கேட்டது.

இரண்டு மாதம் வேலை நடந்தது. இறுகிப்போன பிஸ்டனை மண்ணெண்ணெயில் ஊற வைத்து எடுத்தார் அப்பா. அதன் வளையங்களை அரத்தால் ராவிச் சரிசெய்தார். ஓட்டை விழுந்த செம்புக் குழாயை மாற்றினார். கழற்றிய திருகாணிகளைக் காலிப் பால் டின்களில் பிரித்துப் போட்டு, எது எங்கே என்று நினைவு வைத்துக்கொண்டது தங்கமணிதான். ஆயுத பூசைக்கு முந்தின நாள், தண்ணீர் நிரப்பிய டிரம்மில் எஞ்சினை மாட்டிக் கயிற்றைச் சுற்றி இழுத்தார்கள். அரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. "டிரம்முல ஓடினா ஆச்சா, ஆத்துல ஓடட்டும்" என்று வேலாயுதம் மாமா மீசையைத் தடவிக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் பூசை. சுத்தியல், அரம், சைக்கிள், அம்மாவின் அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது தங்கமணியின் பொறுப்பு. இருப்பதிலேயே பெரிய பொட்டை எஞ்சினுக்கு வைத்தாள். மேலே பெட்ரோல் தொட்டி, அதன் மேலே பளபளவென்று பித்தளை மூடி. எஞ்சினுக்கு அதுதான் நெற்றி என்று அவளுக்குத் தோன்றியது.

பூசை முடிந்து எல்லாரும் பொரிகடலை தின்ன உள்ளே போனபோது, தங்கமணி ஜன்னல் வழியாக ஒன்றைப் பார்த்தாள். வேலாயுதம் மாமா எஞ்சின் பக்கத்தில் தனியாகக் குனிந்து நின்றார். அவர் உதடு அசைந்தது. கையும் அசைந்தது. பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு நழுவினார்.

அடுத்த நாள் எஞ்சினைச் சம்பானில் மாட்டி ஆற்றில் இறக்கினார்கள். மூன்றே நிமிடம் ஓடி நின்றது.

அப்பா மூடியைத் திறந்து பார்த்தார். பெட்ரோல் நிறைய இருந்தது. மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தார். ஓடியது. மூன்று நிமிடத்தில் மறுபடியும் நின்றது. பிளக்கைத் துடைத்தார், பெட்ரோலை வேட்டித் துணியில் வடிகட்டினார். அதற்கு அடுத்த நாளும் அதே கதைதான். கரையில் நின்றிருந்த வேலாயுதம் மாமாவின் முகத்தில் ஒரு நிம்மதி. அதைத் தங்கமணி கண்டுபிடித்துவிட்டாள்.

அன்று ஜன்னலில் பார்த்ததை அப்பாவிடம் சொன்னாள். சும்மா இரு என்றுதான் அப்பா முதலில் சொன்னார். ஆனால் சந்தேகம் ஒட்டுவாரொட்டி. மூன்றாம் நாளும் எஞ்சின் நின்றபோது, தண்ணீர்க் குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"வேலாயுதம், பூசையன்னைக்கு என் எஞ்சினை என்ன பண்ணின?"

வேலாயுதம் மாமா பதில் சொல்லவில்லை. வாளியைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

பதில் சொல்லாததே போதுமாக இருந்தது. லயத்தில் யாரும் அவரோடு பேசவில்லை. லாஞ்சுகளை மேற்பார்க்கும் தண்டல் வரைக்கும் செய்தி போனது. ஊரான் எஞ்சினில் கை வைக்கிறவனிடம் லாஞ்சை எப்படி விடுவது, திங்கட்கிழமை விசாரித்து வேலையை விட்டு அனுப்பிவிடுகிறேன் என்று அவர் சொன்னாராம். தான் கண்டுபிடித்தது சரிதான் என்று தங்கமணிக்கு உள்ளுக்குள் பெருமை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா தேநீர் போட்டாள். புதுப் பால் டின்னில் ஆணியால் ஓர் ஓட்டை போட்டுத் தங்கமணியிடம் கொடுத்தாள். தங்கமணி கவிழ்த்தாள். பால் கொஞ்சம் ஒழுகியது, பிறகு நின்றுவிட்டது. டின்னை உலுக்கினாள். வரவில்லை. பால் டின் கம்பெனி மேல் சந்தேகம் வந்தது.

"எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போடுடி. காத்து உள்ள போனாத்தானே பால் வெளிய வரும்" என்றாள் அம்மா.

இரண்டாவது ஓட்டை போட்டதும் பால் கடகடவென்று இறங்கியது. தங்கமணி டம்ளர் வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அப்பா மூடியைத் திறந்து மூடினால் எஞ்சின் ஓடுகிறது. அப்படியானால் குற்றம் மூடியில்தான்.

கொல்லைப்புறத்துக்கு ஓடினாள். பித்தளை மூடியில் அவள் வைத்த பொட்டு காய்ந்து கெட்டியாக இருந்தது. பூசைப் பொட்டை யாரும் துடைப்பதில்லை, அப்பாவும் துடைக்கவில்லை. ஊக்கால் சுரண்டினாள். அடியில் ஊசிமுனை அளவு ஓட்டை. காற்று போகிற வழி.

அடைத்தவள் அவள்தான்.

பேசாமல் பொட்டைச் சுரண்டிவிட்டால் எஞ்சின் ஓடும், யாருக்கும் தெரியாது. ஆனால் வேலாயுதம் மாமா பயந்துபோய்ச் சரிசெய்துவிட்டார் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நாளைக்குத் திங்கட்கிழமை. மூடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். வேலாயுதம் மாமா மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாலு நாளா இந்த வாசல்ல யாரும் வந்து ஒரு தீக்குச்சிகூடக் கேக்கல" என்றார்.

தங்கமணிக்கு அழுகை வந்தது. "என் தப்புதான் மாமா. அன்னைக்கு எஞ்சின்கிட்ட என்ன பண்ணுனீங்க?"

"கும்பிட்டுக்கிட்டு இருந்தேன். சாலே சம்பானும் ஓடணும், என் மீசையும் இருக்கணும்னு வேண்டினேன். அதை எப்படிக் குழாயடியில சொல்றது?"

பிறகு அவர் முகம் மாறியது. "அப்போ, இனிமே எஞ்சின் ஓடும்?"

"ஓடும் மாமா."

அவர் மீசையின் இரண்டு நுனியையும் மெல்லத் தொட்டுப் பார்த்தார். "சொல்லாமலே இருந்திருக்கலாம் பாப்பா" என்றார். ஆனால் சிரித்துவிட்டார்.

அப்பாவிடமும் தங்கமணியே சொன்னாள். குழாயடியில் எல்லார் முன்னாலும் இன்னொரு முறை சொன்னாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. அப்பா அன்றே தண்டல் வீட்டுக்குப் போய் நடந்ததை விளக்கிவிட்டு வந்தார். பந்தயத்தை மறந்துவிடலாம் என்று வேலாயுதம் மாமாவின் கையைப் பிடித்துச் சொன்னார். மாமா கேட்கவில்லை, எஞ்சின்தான் ஓடப் போகிறதே, சொன்ன சொல் சொன்னதுதான் என்று நாவிதர் கடைக்குப் போய்விட்டார்.

மறு ஞாயிறு சம்பான் மறுபடியும் தண்ணீரில் இறங்கியது. கயிற்றை இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மூன்று நிமிடம் ஆனது, ஐந்து நிமிடம் ஆனது, அக்கரை போய்த் திரும்பியும் அது நிற்கவில்லை. பாக் சாலே நல்ல கையால் தொட்டியைத் தட்டி "பாகூஸ், பாகூஸ்" என்று அவர் பாஷையில் மெச்சினார். பொட்டு இப்போது மூடியில் இல்லை, தொட்டியின் பக்கவாட்டில் இருந்தது.

படித்துறையில் வடை விற்கிற வள்ளியம்மா அக்கரை போகக் கூடையோடு வந்தாள். சம்பானில் மேலுதடு வெளுத்து உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்ததும் ஒரு படி பின்வாங்கினாள்.

"யாருடி தங்கமணி இந்தப் புது ஆளு? முழியே சரியில்லையே" என்று காதோடு கேட்டாள்.

"நம்ம வேலாயுதம் மாமாதான் அக்கா. நம்பி ஏறுங்க" என்று தங்கமணி கூடையை வாங்கிக்கொண்டாள்.