அழித்த பாதங்கள்

ரகுராமன் மகளுடன் திருக்காட்டுப்பள்ளி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது காலை எட்டு மணி. ஐப்பசி மழையில் வீட்டுக்குள் இன்னும் விடியவேயில்லை. அன்று அவன் மனைவி மிதாலிக்கு முதல் திவசம். காய்ச்சலில் அவள் போன வேளையில் அவன் ஊரில் இல்லை. இன்று ஒருநாளாவது அவள் வரவேண்டும். அவனுக்கு வேறு வேண்டுதலே இல்லை.

குளித்துவிட்டு வந்தவன் வாசலை ஒட்டிய ரேழியில் அப்படியே நின்றான்.

தரையெங்கும் மாக்கோலம். புள்ளியே இல்லாத கொடிகள், நெற்கதிர்கள், நடுவே வாசற்படியிலிருந்து உள்ளே நடந்துவரும் சின்னச் சின்னப் பாதங்கள். கல்கத்தாக்காரி மிதாலி போடும் வங்காளக் கோலம், அல்போனா. "புள்ளி வைக்கத் தெரியாதவளைப் பிடிச்சுண்டு வந்திருக்கான்" என்று அந்த வீட்டில் இருக்கும் அவன் அக்கா ஞானம் கேலி செய்வாள். இப்போது எட்டு வயது மாளவிகா, மாவில் நனைத்த துணியை மோதிர விரலால் அழுத்தி, கடைசிப் பாதத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

"ஐயோ ரகு! திவசத்தன்னிக்குக் கோலமா? கோலம் இருந்தா போனவா படி தாண்ட மாட்டாடா. அழி, சீக்கிரம்!"

"வேண்டாம்ப்பா! பாதம் இருந்தாத்தான் அம்மாவுக்கு வழி தெரியும். அம்மாவே சொல்லியிருக்கா."

அவள் வராமல் போய்விட்டால்? ரகுராமன் ஈரத்துணியை எடுத்து, உள்ளிருந்து வாசலை நோக்கித் துடைத்துக்கொண்டே போனான். மாளவிகா தேம்பினாள்.

இன்னும் ஆறு பாதங்கள்தான் பாக்கி. அப்போது பவழமல்லி மணந்தது.

அந்தத் தெருவிலேயே பவழமல்லி கிடையாது. மிதாலி பிறந்த வீட்டு முற்றத்தில் இருந்தது.

சளக்.

படியோரத்துப் பாதம் நனைந்து கறுத்தது.

சளக்.

அடுத்தது. அதற்கடுத்தது. ஆறாவது பாதம் அவன் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நனைந்தது.

அதற்குமேல் சத்தமில்லை. முன்னால் துடைத்த வெறுந்தரை.

"மிது…" அவன் குரல் உடைந்தது. "வா. உள்ள வா."

யாரோ தயங்கி மூச்சுவிடும் சத்தம்.

"மாளு, போடும்மா! பாதம் போடு!"

குழந்தை மாவுக் கிண்ணத்தை இழுத்துவந்து விரல் வைத்தாள். பாதம் விழுந்தது, விழுந்தவுடனே மறைந்தது. இன்னொன்று. அதுவும் மறைந்தது. ரகுராமன் கையாலேயே மாவை அள்ளி அள்ளி வைத்தான்.

தரை வெறுமையாகவே இருந்தது.

மழை நின்று நான்கு நாளாகிறது. ஊருக்குத் திரும்ப அவனுக்குக் கால் வரவில்லை. துடைத்த இடத்தின் விளிம்பில் உள்நோக்கி இரண்டு ஈரக்காலடிகள்.

அவை மட்டும் இன்னும் காயவில்லை.