கந்தப்பனுக்கு விஷம் வைத்தது யார்?

"என்னைக் கொல்றானுங்க மேடம்... ஓடியாங்க!"

போனில் அலறியது கந்தப்பன். நாமகிரிப்பேட்டையில் ஒரு லட்சம் கோழி வைத்திருக்கும் பண்ணை முதலாளி. ஐந்து நாளாக நாமக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

இன்ஸ்பெக்டர் அமுதவல்லி ஜீப்பை விரட்டினாள்.

ஐ.சி.யூ.வில் அவர் உடம்பு அனலாய்க் கொதித்தது.

"யாருங்க கொல்றது?"

"ரங்கன்! தீவனம் கலக்கறவன். போன வாரம் அவனை அறைஞ்சேன். டீயில வெசம் வெச்சுட்டான்... உள்ள தள்ளுங்க!"

அரை மணி நேரத்தில் ரங்கன் ஸ்டேஷனில் இருந்தான். முதலாளிகளின் புகாருக்கு மட்டும் சக்கரம் உண்டு!

"அவருக்கு நான் டீயே குடுத்ததில்லீங்க!" அழுதான். "கோழித் தண்ணில பவுடர் கலக்கச் சொன்னாருங்க. கோழி நல்லாத்தானே இருக்குது, மருந்து எதுக்குங்கன்னேன். அதுக்குத்தான் அறைஞ்சாரு."

"என்ன பவுடர்?"

"மூட்டையில பேரே இருக்காதுங்க."

அமுதவல்லிக்குப் பொறி தட்டியது!

நேராகக் கந்தப்பனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் இளஞ்செழியனிடம் போனாள்.

"வெசமே இல்ல மேடம். பண்ணையில கால்ல கம்பி குத்தியிருக்கு. புண் வழியா ரத்தத்துல கிருமி ஏறிடுச்சு. பதினோரு மருந்து போட்டாச்சு... அசைய மாட்டேங்குது. தினமும் மருந்து தின்னு பழகின கிருமி!"

"எங்க பழகுச்சு?"

"கோழி வயித்துல. கோலிஸ்டின்னு ஒரு மருந்து. வேற எதுவும் கேக்காதப்ப மனுஷனுக்குப் போடறது. கோழி சீக்கிரம் கொழுக்கணும்னு பண்ணையில கலக்குவாங்க. இப்பக் கோழிக்குக் குடுக்கத் தடை. கந்தப்பனைக் கேட்டா, கண்ணால பாத்ததே இல்லைங்கறார்."

அமுதவல்லி சிரித்தாள். டாக்டரோடு கந்தப்பனின் கட்டிலருகே போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயா... உங்களுக்குக் கோலிஸ்டின் போடணுமாம். இங்க ஸ்டாக் இல்லையாம்..."

கந்தப்பன் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்!

"என் குடோன்ல நாலு மூட்டை கெடக்குதுங்க! தவிட்டு மூட்டைக்குப் பின்னால!"

"நன்றிங்க. எழுதிக்கிட்டேன்."

அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"அப்ப... ரங்கன்?"

"ஊட்டுக்கு அனுப்பியாச்சு. நீங்க எந்திரிச்சதும் ரெண்டு கேஸ். தடை செஞ்ச மருந்துக்கு ஒன்னு, பொய்ப் புகாருக்கு ஒன்னு."

"கேஸ் கெடக்கட்டும்... முதல்ல அந்த மருந்தைப் போடுங்க டாக்டர்!"

"போட்ட பதினொன்னுல அதுவும் ஒன்னு. உங்க கிருமி அதை டீ மாதிரி குடிக்குது."

"ஐயோ... நான் செத்துருவனுங்களா?"

"புதுசா ஒரு மருந்து சென்னையிலிருந்து வருது. எந்தக் கோழியும் இன்னும் பாக்காதது. காப்பாத்தலாம்."

கந்தப்பனின் கண்கள் பளிச்சிட்டன.

"அவ்ளோ பவருங்களா?... அது மூட்டையில வருமுங்களா?"