கேப்டன் ப்ரெய்ட்னரின் ஒரே வாசகி

காலை எட்டு மணிக்குப் பொற்கொடி காப்பகத்தின் ஒளித்தட்டுகளை ஒவ்வொன்றாக எழுப்பிக்கொண்டு போவாள். பழைய காமிக்ஸ் நாயகர்களுக்கு அவரவர் கதைகளிலிருந்தே மனம் நெய்து கொடுத்திருந்த காலம் அது. உயிர்ச்சித்திரங்கள் என்று பெயர். துப்பறிவாளர்கள் சோம்பல் முறிப்பார்கள். மந்திரவாதிகள் வெளியே மழையா என்று விசாரிப்பார்கள். கடைசித் தட்டில் கேப்டன் ப்ரெய்ட்னர் விழித்த நொடியிலேயே விறைப்பாக நிற்பார்.

முதல் உலகப்போர்க் கதைகளில் வந்த ஜெர்மன் விமானி அவர். நாற்பத்தொரு இதழ்களிலும் வென்றார். நாற்பத்தொரு இதழ்களின் கடைசிக் கட்டத்திலும் தனியாக நடந்துபோனார். தமிழ்ப் பதிப்பிலிருந்து எழுந்தவர் என்பதால் அந்நாளைய அச்சுத் தமிழில்தான் பேசுவார்.

“நலமா, அம்மணி?”

“இருக்கேன் கேப்டன்.”

கணவர் இறந்துபோன இந்த ஒன்பது வருடங்களில் அவளை அப்படிக் கேட்பது அவர் ஒருவர்தான்.

ஓராண்டு வாசகர் வராத சித்திரத்தை நிரந்தரமாக அணைத்துவிட வேண்டும் என்பது சட்டம். ஏதாவது துறை வேலைக்கு எடுத்துக்கொண்டால் தப்பலாம். ப்ரெய்ட்னருக்குக் கெடு வெள்ளிக்கிழமை. புதனன்று கண்காணிப்பாளர் ஞானதுரை கடிதத்தோடு வந்தார்.

“உங்க கேப்டனுக்கு யோகம்தாம்மா. எல்லைப்படை கேக்குது, ஆளில்லாப் போர்விமானம் ஓட்ட. அவர் சம்மதிச்சாத்தான் அனுப்ப முடியும். நீங்களே பேசிப் பாருங்க.”

பொற்கொடி கேப்டனிடம் சொன்னாள்.

“எதிரே வரும் விமானங்களில் யார் இருப்பார்கள்?”

“மனுஷங்கதான்.”

“என் கதைகளில் அறுபத்து மூன்று பேரைச் சுட்டு வீழ்த்தினேன், அம்மணி. அவர்களுக்குத் தலைக்கவசம் மட்டும்தான் வரைந்திருந்தார்கள். ஒருவருக்கும் பெயர் வைக்கவில்லை. அதற்கே எனக்கு உறக்கமில்லை. இவர்களுக்குப் பெயர் இருக்கும்.”

“மாட்டேன்னா வெள்ளிக்கிழமை அணைச்சிருவாங்க.”

“தெரியும். அப்போது நீங்கள் அருகில் இருப்பீர்களா?”

அவள் நேரே ஞானதுரையின் அறைக்குப் போனாள்.

“நானே வாசகியாப் பதிஞ்சுக்கிட்டா என்ன சார்?”

“ஊழியர் பதியக் கூடாது. பதினெட்டு வருஷமா இருக்கீங்க, தெரியாதா?”

“அப்ப நான் ஊழியரா இல்லைன்னா?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “ஓய்வு பெற இன்னும் ரெண்டே வருஷம். ஒரு படத்துக்காகவாம்மா?”

“உங்களுக்குப் படம் சார்.”

வியாழக்கிழமை ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு, அதே கையோடு வாசகர் படிவத்திலும் கையெழுத்திட்டாள்.

வாசகருக்கு வாரம் அரை மணி நேரம். அடுத்த செவ்வாயன்று முறைப்படி வரிசையில் நின்று உள்ளே போய், அவர் எதிரே உட்கார்ந்து இதழைப் பிரித்தாள்.

“அது வேண்டாம். எனக்குத் தெரிந்த கதைதானே,” என்றார் கேப்டன். “உங்கள் வாரத்தைச் சொல்லுங்கள்.”

அவள் யோசித்தாள். ஐந்து நாளாக வீட்டில் யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

“சொல்றதுக்கு ஒண்ணுமில்ல கேப்டன். உங்களுக்கு?”

“புதிய ஊழியர் தட்டை எழுப்பிவிட்டுப் போய்விடுகிறார்.”

மீதி நேரம் இருவரும் பேசாமல் எதிரெதிரே இருந்தார்கள். மணி அடித்ததும் பொற்கொடி எழுந்து, வரிசையில் அடுத்தவருக்காக நாற்காலியை ஒழுங்காகத் தள்ளி வைத்தாள்.