அணைக்க மறந்த மைக்

மழை கொட்டியதும், படப்பிடிப்புத் தளத்தின் மூலையில் ஒழுகிக்கொண்டிருந்த தார்ப்பாய்ப் பந்தலுக்குள் அவள் ஓடி நுழைந்தாள். உள்ளே சவுண்டுக்காரன், கருவிகளைத் தன் சட்டையால் போர்த்திவிட்டு, பனியனோடு நனைந்துகொண்டிருந்தான்.

"மேடம், உங்க தலைலேர்ந்து மெஷின் மேல தண்ணி சொட்டுது... தள்ளி நில்லுங்க!"

"நான் நனைஞ்சா பரவாயில்ல... மெஷின் நனையக்கூடாது?"

"உங்களுக்குக் குடை பிடிக்க நாலு பேர் இருக்காங்க. இதுக்கு நான் ஒருத்தன்தான்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்தான். என்ன கண்கள்... சிரிக்கும்போதுகூடக் கொஞ்சம் சோகமாக!

சாதியை மீறிக் காதலிக்கும் பெரிய வீட்டுப் பெண்ணாக அவள் நடித்துக்கொண்டிருந்தாள். தினமும் அவள் காலரில் மைக் மாட்ட அவன்தான் வருவான். விரல் படாமல் மாட்டுவான். பட்டால்தான் என்னவாம் என்று அவளுக்குக் கோபம் கோபமாய் வரும்.

பத்தாம் நாள், இடைவேளையில் அம்மா போன் செய்தாள். யாரோ வத்தி வைத்திருந்தார்கள்.

"யாருடி அந்த மைக்குக்காரன்? நம்ம ஆளுங்களா?"

"ஐயோ, இல்லம்மா... அந்த ஆளுங்களோட எனக்கென்ன பேச்சு? மைக் மாட்ட வருவான், போவான்."

சொன்ன பிறகுதான் இடுப்பைப் பார்த்தாள். மைக் பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தூரத்தில் அவன் ஹெட்போனை மெதுவாகக் கழற்றினான்.

அடுத்த காட்சியில், "மனுஷனுக்கு என்ன சாதி?" என்று அவள் கதறியதில் தளமே கைதட்டியது.

"சவுண்ட் ஓகேவா?" என்றார் இயக்குநர்.

"ஓகே சார்... எல்லாமே சுத்தமா கேட்டுச்சு."

மறுநாளிலிருந்து மைக் மாட்ட வேறொருவன் வந்தான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசி நாள், வயர் சுற்றிக்கொண்டிருந்தவன் எதிரில் போய் நின்றாள்.

"திட்டவாவது செய்யுங்களேன்..."

"எதுக்கு மேடம்? சின்ன வயசுலேர்ந்து கேக்கறதுதான்."

அந்த நிதானத்தை அவளால் தாங்க முடியவில்லை. அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, அன்னைக்குப் பயந்துட்டுப் பேசினேன். எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. யாருன்னு தெரிஞ்சுதான் பிடிச்சிருக்கு."

"இனிமே இந்த வீட்டுப் படி ஏறாத" என்று வைத்துவிட்டாள் அம்மா.

அவன் வயரைக் கீழே வைத்தான்.

"நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சா பயம் வருது... உங்களுக்கு என்னைக் கொஞ்சமும் பிடிக்கலையா?"

அவன் முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"பிடிச்சிருந்துச்சு... அதனாலதான் அவ்வளவு வலிச்சுது."