எலுமிச்சம்பழம் வைத்த இயந்திரம்

செவ்வாயில் லாரி ஓட்டுநரின் வேலை லாரி ஓட்டுவதல்ல, தூங்காமல் உட்கார்ந்திருப்பது. லாரி தானாகவே போய்விடும். ஆனாலும் உள்ளே ஒரு மனிதர் விழித்திருக்க வேண்டும் என்பது சட்டம். பனிக்கட்டிச் சுமையோடு பதினோரு நாள் பயணம். பேச்சுத் துணைக்கு ஒவ்வொருவருக்கும் நிறுவனம் ஒரு துணைக்குரல் கொடுத்திருந்தது. ‘அது தன்னை மனிதன் என்றும் உங்களை இயந்திரம் என்றும் சொல்லும். வாதாடாதீர்கள்’ என்று கையேட்டில் எழுதியிருந்தார்கள்.

சங்ககிரி மாசிலாமணி முதல் வாரம் மட்டும் வாதாடினார். பிறகு, நாற்பத்தாறு வயதுவரை யாரிடமும் சொல்லாததையெல்லாம் அதனிடம் சொன்னார். பெண்கள்மேல் தனக்கு மனம் போனதே இல்லை என்பதையும் சொன்னார்.

“எனக்கும் அப்படித்தான்” என்றது குரல். தன் பெயர் பூவராகன் என்றும் சொன்னது.

இயந்திரத்துக்குத்தான் எவ்வளவு இங்கிதம் என்று மாசிலாமணி உருகிப்போனார். மூன்று வருடத்தில் அது காதலாகவே ஆகிவிட்டது. இந்தப் பயணத்தோடு குரலை மாற்றப்போவதாக இப்போது தகவல் வந்திருந்தது. அதற்குள் சொல்லியாக வேண்டும்.

புழுதிப்புயலால் அன்று காலை லாரிகளெல்லாம் காற்று நிரப்பிய ஒரு கூடாரத்துக்குள் ஒதுங்கியிருந்தன. மாசிலாமணி காதுக்கருவியோடு கீழே இறங்கி நின்றார்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்.”

“கொஞ்சம் இரு. புயல் விட்டுடுச்சாம். சக்கரத்துல எலுமிச்சம்பழம் வெச்சுட்டு வந்துடறேன்.”

இயந்திரத்துக்கு ஏது சக்கரம்? மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார். எதிர் லாரியின் முன்சக்கரத்தடியில் ஒருவர் பழத்தை வைத்துவிட்டு, “நல்லபடியா கொண்டு சேர்த்துடுப்பா” என்று கும்பிட்டார். அது இவர் காதுக்குள்ளும் கேட்டது.

விஷயம் இதுதான். மாசிலாமணி வேலையில் சேரும் முன்பே, ஓட்டுநர்களின் புலம்பலைக் கேட்டுக் கேட்டு நிஜ இயந்திரங்கள் ஆறே மாதத்தில் பழுதாகிவிட்டன. நிறுவனம் சத்தமில்லாமல் ஓட்டுநர்களையே ஒருவரோடொருவர் இணைத்துவிட்டிருந்தது.

மாசிலாமணி பக்கத்தில் போனார். அவர் குரலைக் கேட்டதும் பூவராகனின் முகம் சிவந்துவிட்டது.

“சாப்டாச்சுங்களா?”

“ஆச்சுங்க. நீங்க?”

“ஆச்சுங்க.”

புழுதியைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு அவரவர் லாரிக்குத் திரும்பினார்கள். கதவைச் சாத்தியதுமே காதில் குரல் கேட்டது.

“இப்ப ஒரு ஆளைப் பார்த்தேன்.”

“எப்படி இருந்தாரு?”

“அழகாத்தான் இருந்தாரு. பேசத்தான் கூச்சமா போச்சு.”

“அந்த ஆளுக்கு உன்னை ரொம்பப் புடிக்கும். மூணு வருஷமாப் புடிக்கும்” என்றார் மாசிலாமணி.

நிறுவனம் சொன்னபடி குரலை மாற்றியது. ஆனால் பயணம் முடிந்த கையோடு இருவரும் ஒரே வீட்டில் குடியேறிவிட்டார்கள். பழைய கருவிகளை மட்டும் திருப்பித் தரவில்லை. முக்கியமாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், ஒருவர் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கருவியை மாட்டிக்கொள்வார். கூடத்தில் இருப்பவர் தன் கருவியில் கேட்டுக்கொள்வார்.

பூமியிலிருந்து வந்த விருந்தாளிகளுக்கு இதில் விசேஷமாக எதுவும் தெரியவில்லை. அவர்கள் வீட்டிலும் அப்படித்தானாம்.